மறு: ஃபிலிம் நுவார் கலைச்சொல் – ‘இருட்புனைவு’

> ‘நிழற்படம்’ புகைப்படத்துக்குப் போய்விட்டது. ‘கருநிழற்படம்’ என்று வைத்தால் என்ன?

ஐயா, வணக்கம். ஃபிலிம் நுவார், அதாவது நிழல் மிகுந்த ஒளியமைப்பில் குற்றக் கதை சொல்லும் 1940களின் அமெரிக்கத் திரைப்பாணி, அதற்கு நீங்கள் சொன்ன ‘கருநிழற்படம்’ பற்றி எழுதுகிறேன்.

கருநிழல் கிரகணப் பாடத்தில் நிலைத்துவிட்ட சொல்; புறநிழலோடு சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளே படிக்கிறார்கள். அதைக்கூடச் சமாளிக்கலாம். என் மறுப்பு ‘படம்’, ‘நிழல்’ இரண்டின் மீதும்தான்.

இந்தப் பாணி திரையரங்கோடு முடியவில்லை. 1948இல் வந்த ‘ஹி வாக்ட் பை நைட்’ படத்தில் தடயவியல் ஆளாகச் சிறு வேடத்தில் நடித்தவர் ஜாக் வெப். படத்துக்கு ஆலோசகராக வந்திருந்த லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறைக்காரரோடு பேசியதில் பிறந்ததுதான் ‘டிராக்நெட்’ என்ற காவல்துறைத் தொடர்: 1949இல் வானொலியில், 1951இல் தொலைக்காட்சியில். ‘தி நேக்கட் சிட்டி’யும் 1948இல் படம், 1958இல் தொடர். தொடருக்குப் பொருந்தாத சொல்லை ஏன் ஆக்கவேண்டும்?

நிழல் இன்னும் பெரிய சிக்கல். அக்காலத் தொலைக்காட்சிப் பெட்டியின் சிறிய திரை இருண்ட பகுதியின் நுணுக்கங்களை விழுங்கிவிடும். அதனால் முகத்தை அண்மையில் காட்டினார்கள், வெளிச்சத்தைப் பரப்பினார்கள். கார்ல் ஃபிராய்ண்டைப் பாருங்கள். ஜெர்மனியில் ‘மெட்ரோபொலிஸ்’ ஒளிப்பதிவாளர்களில் ஒருவர். 1948இல் ‘கீ லார்கோ’ என்ற நுவார் படத்தை ஒளிப்பதிவு செய்தவர். அவரே 1951இல் ‘ஐ லவ் லூசி’ நகைச்சுவைத் தொடருக்கு, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடினாலும் எல்லாக் கோணத்திலும் முகம் தெளிவாகத் தெரியும்படி, நிழலைத் துடைத்தெடுக்கும் ஒளியமைப்பை வகுத்தார். ‘ஹி வாக்ட் பை நைட்’டில் ஒளிப்பதிவாளர் ஜான் ஆல்டன் தீட்டிய நிழலின் அடர்த்தி ‘டிராக்நெட்’டிலும் இல்லை. நகரமும் குற்றமும் உணர்ச்சி காட்டாத அந்தக் கதைசொல்லும் குரலும் எஞ்சின. நிழலை வைத்துப் பெயரிட்டால் இவையெல்லாம் வெளியே நிற்கும்.

ஆகவே ‘இருட்புனைவு’. இருள் வெளிச்சமின்மையையும் சொல்லும், மன மருளையும் சொல்லும். ‘இருள்சேர் இருவினை’ நமக்குப் புதிதில்லையே. இருட்புனைவுப் படம், இருட்புனைவுத் தொடர், இருட்புனைவு நாவல் என்று எங்கும் ஒட்டும். ‘இருளியம்’ வேண்டாம்; ‘-இயம்’ என்றால் ஓர் இயக்கம் என்று பொருள்படும். பெயரிட்டவர்கள் 1946இல் பிரெஞ்சு விமர்சகர்கள். படமெடுத்தவர்கள் தங்களை ஓர் இயக்கமாக எண்ணிக்கொள்ளவில்லை.

ஒளியமைப்புக்குத் தனிச்சொற்கள் தேவைப்படும். லூசி வகைக்குப் ‘பரவொளி’, நிழல் மிகுந்ததற்கு ‘நிழலோங்கு ஒளி’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இரண்டாவது நாவில் இடறுகிறது. குழுவில் ஒளிப்பதிவாளர் யாரேனும் இருந்தால், படப்பிடிப்புத் தளத்தில் வழங்கும் சொல்லைச் சொல்லுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.