மாடியில் ஆரைக்கீரை: எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் பேசியது

கவிதா: 📷 சித்தி, மாடித் தொட்டியில் தானாக முளைத்திருக்கிறது. நீங்கள் சொன்ன ஆரைக்கீரை இதுதானே?

செல்வி சித்தி: இலையை எண்ணிப் பாரும்மா. மூன்றுதான் இருக்கு, மஞ்சள் பூ வேற. இது புளியாரை. ஆரைக்குக் காம்புக்கு நாலு இலை, பூவே வராது.

முரளி: பூ இல்லாமல் எப்படிப் பெருகும்?

பெரியப்பா: அது பெரணி இனம் தம்பி. கொடி ஓடிப் பெருகும். காம்படியில் பயறு மாதிரி கெட்டியாக ஒன்று இருக்கும், அதற்குள்தான் வித்து. கோடையில் வயல் வெடித்துக் கிடந்தாலும் தாங்கும். தண்ணீர் பட்டால் முளைக்கும்.

கவிதா: பெரணி என்றால் நிழல் வேண்டுமே? இங்கே நல்ல வெயில்.

செல்வி சித்தி: வெயில்தான் வேண்டும். வயலில் ஏது நிழல்? ஓட்டை இல்லாத அகல டப்பில் அரையடி களிமண் போடு. தென்னைநார்க் கழிவு வேண்டாம், மிதக்கும். கணுவுள்ள கொடியைப் படுக்கவைத்து லேசாக மண் மூடு.

முரளி: தண்ணீர் நின்றால் கொசு வருமே அத்தை?

செல்வி சித்தி: நிற்கவே வேண்டாம். சேறு காயாமல் இருந்தால் போதும். இலையும் மிதக்காமல் நிமிர்ந்து நிற்கும், பறிக்கச் சுலபம்.

கவிதா: எங்கள் ஏரிக்கரையிலும் பார்த்தேன். அதைப் பறித்துச் சமைக்கலாமா?

செல்வி சித்தி: வேண்டவே வேண்டாம்! சாக்கடை கலக்கிற ஏரி அது. சேற்றில் இருக்கும் ஈயம், காட்மியம் எல்லாவற்றையும் இந்தச் செடி உறிஞ்சிக்கொள்ளும்.

பெரியப்பா: வயலிலும் இப்போது பறிப்பதில்லை. சுற்றிலும் களைக்கொல்லி அடிக்கிறார்கள். உங்கள் அம்மாச்சி களை எடுத்துவிட்டு வரும்போது மடி நிறைய ஆரை கொண்டுவருவார். அந்த வயலில் இன்று நம்பிக் கை வைக்க முடியவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு தொட்டி வையுங்கள் என்கிறேன்.

கவிதா: கொடி எங்கே கிடைக்கும் பெரியப்பா?

பெரியப்பா: கொல்லைக் குட்டையில் மருந்து படாமல் இருக்கிறது. இப்போது காய்ந்து கிடக்கு. ஜூன் 12 மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்தால் துளிர்க்கும். ஈரச்சாக்கில் சுற்றித் தருகிறேன்.

முரளி: நான் வாங்கிவந்து கொடுக்கிறேன். ஆனால் பச்சையாகத் தின்னாதே கவிதா. ஆஸ்திரேலியாவில் இதே இனத்துச் செடி நார்டூ. அதில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி நிறைய உண்டு.

அம்மா: பாசிப்பருப்பு போட்டு நன்றாக வேகவைத்துக் கூட்டு செய். வாரம் ஒரு நாள் போதும்.

கவிதா: சரிம்மா. நாளைக்கே டப் வாங்கிவிடுகிறேன்.

செல்வி சித்தி: முதல் மாதம் ஒரு இலைகூடப் பறிக்காதே. கொடி தொட்டி முழுக்க ஓடட்டும்.