வாசலில் எட்டடி மண்: புங்க மரமா, பேவர் கல்லா?

உறையூர்க்காரன்:
திருச்சியில் முப்பதுக்கு நாற்பது மனையில் வீடு கட்டி, பூச்சு வேலை வரை முடித்துவிட்டோம். மேற்குப் பார்த்த வாசல். நிலைப்படிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே எட்டடி மண் மிச்சம் இருக்கிறது. அதில் ஒரு புங்க மரம் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. முழுக்க பேவர் கல் பதித்து, சுவரோரம் தொட்டிகளில் அரிக்கா பனை வைத்தால் போதும் என்கிறாள் மனைவி. இன்ஜினியரும் அவள் பக்கம்தான். மரம் வைத்தால் எலிவேஷன், அதாவது வீட்டின் முகப்பு, மறைந்துவிடும் என்கிறார். மூன்று வாரமாக இதே பேச்சு. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

செங்கல்மணி:
சார், இருபது வருடமாக சைட் பார்க்கிறேன். எட்டடியில் புங்கம் வேண்டவே வேண்டாம். முப்பது அடிக்குக் குறையாமல் வளரும் மரம் அது. உங்கள் மண் களிமண்ணாக இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் வேர் அடியில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சினால் அந்தப் பக்க அஸ்திவாரம் மட்டும் லேசாக இறங்கும். அப்புறம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பும். பட்டி பார்த்து பெயின்ட் அடித்தாலும் அடுத்த கோடையில் திரும்ப வரும்.

நிழல்தேடி:
மேற்குப் பார்த்த வாசல் என்று அவரே எழுதியிருக்கிறார், அதை யாரும் கவனிக்கவில்லையே! மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் நேராக முன்சுவரில் இறங்கும். சுவர் அந்தச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு அறைக்குள் விடும். பேவர் கல்லும் அதையேதான் செய்யும். எங்கள் வீடு மதுரையில், இதே மேற்கு வாசல். புங்கம் வைத்து ஒன்பது வருடம் ஆகிறது. மாசி வாக்கில் இலையை உதிர்த்துவிட்டு உடனே தளிர் விட்டுவிடும். சித்திரை வெயில் வரும்போது பச்சைக்குடை தயார். சாயங்காலம் அதன் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள் அண்ணா, எலிவேஷன் ஞாபகமே வராது.

அரிக்கா பனை மடகாஸ்கரிலிருந்து வந்தது. நம் வெயிலுக்கு அதன் இலை நுனி கருகும். நிழலும் கிடையாது. நம்ம ஊர் மரம் இருக்க, அது எதற்கு?

வாசல்கோலம்:
மரம் வேண்டும் என்று எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் வாசல் பெருக்குவது யார்?

எங்கள் வீட்டு முன்னால் மாமனார் வைத்த முருங்கை நின்றது. காய்க்குக் குறைவில்லை, உண்மை. ஆனால் மழைக்காலம் வந்தால் அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி அப்பிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் தடிப்பு. தீப்பந்தம் கட்டிப் பொசுக்குவதும் நான், விடிகாலையில் பூவும் இலையும் கூட்டி அள்ளுவதும் நான். பக்கத்து வீட்டு மாடியில் இலை விழுந்தால் பேச்சு வாங்குவதும் நான். ஒரு நாள் காற்றில் கிளை முறிந்து ஸ்கூட்டர் மேல் விழுந்தது. அதோடு வெட்டச் சொல்லிவிட்டேன்.

இப்போது கல் பதித்த வாசல். ஒரு வாளி தண்ணீர், இரண்டு இழுப்பு, முடிந்தது. கோலம் மத்தியானம் வரை அழியாமல் இருக்கிறது. என் வாசல் எனக்கு அழகாகத் தெரிவது இப்போதுதான். உறையூர்க்காரரின் மனைவி ஏன் கல் கேட்கிறார் என்று எனக்குப் புரிகிறது.

நிழல்தேடி:
அக்கா, முருங்கையை வைத்துப் புங்கத்தை எடை போடாதீர்கள். முருங்கை லேசான கட்டை, சின்னக் காற்றுக்கே முறியும். புங்கக் கிளை அவ்வளவு எளிதில் முறியாது. குப்பை விழும், மறுக்கவில்லை. அதைக் குழியில் போட்டால் ஆறு மாதத்தில் செடிக்கு உரம்.

வாசல்கோலம்:
குழியில் போடுவதற்கும் ஒரு ஆள் குனிய வேண்டும், தங்கச்சி.

செங்கல்மணி:
2016 டிசம்பர் 12, வர்தா புயல். அன்றைக்கு நான் சென்னையில் இருந்தேன். தெருவுக்குத் தெரு மரம் சாய்ந்து, கார் நசுங்கி, மின்கம்பி அறுந்து கிடந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள். வேர் ஓட இடமில்லாமல் சிமெண்டுக்கு நடுவே நின்ற மரங்கள் பல வேரோடு பெயர்ந்தன. எட்டடியில் ஒரு பக்கம் அஸ்திவாரம், இன்னொரு பக்கம் காம்பவுண்டு. வேர் எங்கே போகும்?

இன்னொன்று: நாளைக்கு வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ நேர்ந்தால், வருகிறவர் முதலில் பார்ப்பது முகப்பைத்தான்.

நிழல்தேடி:
குடி போகாத வீட்டை விற்பதைப் பற்றி இப்போதே ஏன் யோசிக்க வேண்டும்? யாரோ முகம் தெரியாத ஒருவருக்குப் பிடிக்க வேண்டும் என்று வாசலை அமைத்துவிட்டு, அதில் நாம் முப்பது வருடம் இருப்பதா? சாம்பல் நிற எலிவேஷன், கண்ணாடிக் கைப்பிடி, தொட்டியில் பனை என்று புறநகர் முழுக்க ஒரே வீடாக நிற்பது இதனால்தான்.

செட்டிநாட்டுப்பேரன்:
இரண்டு பக்கமும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். மரம் வைத்தால்தான் நம்மூர் வீடு என்பது சரியில்லை. எங்கள் தாத்தா வீடு காரைக்குடிப் பக்கம். தெருவை ஒட்டித் திண்ணை, முன்னால் ஒரு மரம் கிடையாது. குளிர்ச்சி எல்லாம் நடு முற்றத்திலிருந்தும், தடித்த சுவரிலிருந்தும், சுண்ணாம்புப் பூச்சிலிருந்தும் வந்தது. அதேபோல வெளிநாட்டுச் சரக்கு என்று பனையைத் தள்ளுவதும் பொருந்தாது. செட்டிநாட்டு வீட்டுத் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து. கோயிலில் நிற்கிற ஈழத்தலரி அமெரிக்கக் கண்டத்து மரம். மடகாஸ்கரிலிருந்து வந்த செம்மயில்கொன்றையை (குல்மோகர்) நம்மூர்ச் சாலையில் யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. பிடித்து வைத்துப் பராமரித்தால் எதுவும் நம்முடையதாகிவிடும்.

என் கருத்து: வாசல் நடைபாதைக்கு ஆத்தங்குடிக் கல் பதியுங்கள். கண்ணாடிப் பலகை மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையால் செய்வது, சூளையில் சுடுவதில்லை. கால் பட்டுப் பட்டுத்தான் பளபளப்பு ஏறும்.

செங்கல்மணி:
அது கூரைக்குக் கீழே சரி சார், திறந்த வாசலுக்குச் சரிப்படாது. மழையில் வழுக்கும், வெயிலில் நிறம் மங்கும். உள்ளே பதித்தாலும் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது. எலுமிச்சைச் சாறு சிந்தினாலே கறை நிற்கும். சிமெண்டு கல் அல்லவா.

உறையூர்க்காரன்:
எல்லோருக்கும் நன்றி. வாசல்கோலம் அக்கா எழுதியதை மனைவியிடம் காட்டினேன். “இதைத்தான் மூன்று வாரமாகச் சொல்கிறேன்” என்றாள். உண்மையில் நான் அதைக் காதில் வாங்கவே இல்லை. அவள் அம்மா வீட்டில் வேம்பு இருந்ததாம். பள்ளிக்கூடம் போகும்முன் தினமும் இவள்தான் கூட்டுவாளாம்.

புங்கத்தை விட்டுவிட்டேன். ஆனால் முழுக்கக் கல் போட எனக்கு இன்னும் மனம் வரவில்லை. தெற்கு மூலையில் நாலடிக்கு நாலடி மண்ணாக விட்டு ஒரு பவளமல்லி வைக்கலாமா? பெருக்குவது நான்.

நிழல்தேடி:
பவளமல்லி புங்கம் அளவுக்கு வளராது, கவாத்து செய்தால் இன்னும் அடங்கும். ராத்திரி பூத்து விடியும்போது கொட்டும். மேற்கு வெயிலை அது முழுக்க மறைக்காது அண்ணா, அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியாவது கட்டிவிடுங்கள்.

வாசல்கோலம்:
அதுவும் தினமும் கொட்டுகிற மரம்தான், தம்பி. ஐப்பசி மழையில் அந்தப் பூ கல்லில் ஒட்டிக்கொண்டால் துடைப்பத்துக்கு வராது, கையால்தான் பொறுக்க வேண்டும். தெரிந்துகொண்டு வையுங்கள். என் ஓட்டு இன்னமும் கல்லுக்குத்தான்.

செங்கல்மணி:
பவளமல்லி என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. மற்ற இடத்தில் பேவர் பதிக்கும்போது அடியில் கான்கிரீட் போட விடாதீர்கள். எம்சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) பரப்பி அதன் மேல் பதித்தால் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் இறங்கும். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழி எடுத்திருப்பீர்கள், வாட்டம் அந்தப் பக்கம் இருக்கட்டும். செடிக்குக் குழி வெட்டும்முன் செப்டிக் டேங்கிலிருந்து வரும் குழாய் அந்த மூலை வழியாகப் போகிறதா என்று பிளம்பரிடம் கேட்டுவிடுங்கள். உங்கள் பிளானில் ஒரு மாதிரி இருக்கும், ஆள் பதித்தது வேறு மாதிரி இருக்கும்.