பாளையில் இருந்து தாம்பரம், ஒன்றரை மணி நேரமா?

குழு: பாளை வீடு
வியாழன்

பெரியப்பா, 8:42
செந்தில், பாப்பா காதுகுத்துக்கு நானும் ஆச்சியும் ஃபிளைட்டில் வருகிறோம். தூத்துக்குடி – சென்னை 1 மணி 35 நிமிடம்தானாம். சனிக்கிழமை இங்கே இட்லி, அங்கே மத்தியானச் சாப்பாடு.

செந்தில், 8:50
தாராளமா வாங்க பெரியப்பா. ஆனால் அந்த 1:35 வாகைகுளம் ஏர்போர்ட்டில் இருந்து மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்கு. நம்ம வீட்டு வாசலில் இருந்து இல்லை.

பெரியப்பா, 8:51
வாகைகுளம் என்ன காசியிலா இருக்கு? தூத்துக்குடி ரோட்டில் முப்பது கிலோமீட்டர் வராது.

செந்தில், 8:58
சரி, கணக்குப் போடுவோம். வீட்டில் இருந்து கார் முக்கால் மணி நேரம். பெட்டி போடும் கவுண்டரை 60 நிமிடம் முன்னாலேயே மூடிவிடுவார்கள். ரயிலுக்கே ஒரு மணி நேரம் முன்னால் போய் பெஞ்சில் உட்காருகிற ஆள் நீங்க, அதனால் இதற்கு இரண்டு மணி நேரம். பறக்க 1:35. பெட்டி வர அரை மணி. ஜி.எஸ்.டி. ரோட்டில் தாம்பரம் வர இன்னொரு முக்கால். ஐந்தரை மணி நேரம் ஆச்சு!

பெரியப்பா, 8:59
😶

மீனா மதினி, 9:03
தம்பி, வந்தே பாரத் என்ன மோசம்? நெல்லை – எழும்பூர் ஏழே முக்கால் மணி நேரம்தான். தாம்பரத்திலேயே நிற்கும், எழும்பூர் போய்த் திரும்ப வேண்டாம். ஒரே கஷ்டம், விடியற்காலை ஆறு மணிக்கெல்லாம் ஜங்ஷனில் இருக்கணும்.

பெரியப்பா, 9:06
அப்படியும் ஃபிளைட்தான் இரண்டு மணி நேரம் லாபம். அது இருக்கட்டும், 600 கிலோமீட்டருக்கு எதுக்கு ஒன்றரை மணி நேரம்?

செந்தில், 9:12
ரயில்தான் மதுரை, திருச்சி, விழுப்புரம் என்று வளைந்து 650 போகிறது. மேலே நேர்கோட்டில் சுமார் 530தான். ஆனால் போன தடவை நான் வந்தது விசிறி வைத்த ஏ.டி.ஆர். விமானம். மணிக்கு 500 கிலோமீட்டர்தான் போகும், ஜெட் மாதிரி 800 இல்லை. தரையில் ஊர்ந்து போகிற நேரமும் டிக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கில் அடக்கம்.
இன்னொன்று, அதில் பின்பக்கக் கதவு வழியாகத்தான் ஏறி இறங்கணும். எல்லாரும் முன் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். கடைசி வரிசையில் இருந்த நான்தான் முதலில் இறங்கினேன். அந்தக் கடைசி வரிசை சீட்டையே கேட்டு வாங்குங்க.

மீனா மதினி, 9:20
ஆச்சி பக்கத்தில் இருக்காங்க. சொல்வதை அப்படியே அடிக்கிறேன்: "எய்யா செந்திலு, உனக்கு எண்ணெய் ஆட்ட நாலு கிலோ கொப்பரை காயவைத்து மூட்டை கட்டியிருக்கேன். அதுக்கும் டிக்கெட் போடணுமா?"

செந்தில், 9:22
ஆச்சி, கொப்பரை கூடவே கூடாது! கையிலும் பெட்டியிலும் விட மாட்டார்கள். எண்ணெய்ச் சத்து, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் என்று தடை.

மீனா மதினி, 9:25
"நாலு நாளா வெயிலில் கிடந்ததே, அப்போ பிடிக்காத தீயா?" என்று கேட்கிறாங்க 😂

செந்தில், 9:26
அல்வாவுக்குத் தடை இல்லை ஆச்சி. 15 கிலோ வரைக்கும் பெட்டியில் போடலாம்.

மீனா மதினி, 9:31
ஆச்சி முடிவு பண்ணியாச்சு. வெள்ளிக்கிழமை ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், கீழ் பெர்த், கொப்பரை மூட்டை தலைமாட்டில். நானும் கூட வருகிறேன். மாமா மட்டும் ஃபிளைட்.

பெரியப்பா, 9:40
தனியாக எப்படிம்மா? எனக்கும் சேர்த்தே போடு. சைடு லோயர் கிடைக்குமா பாரு.