பவுச் வாங்கும் முன் குடும்பக் குழுவில் நடந்த பேச்சு

கவின்: ஒரு யோசனை கேட்க வேண்டும். தினமும் பைக்குள் தூக்கிக்கொண்டு அலையும் சில்லறைச் சாமான்களுக்கு ஒரு ஆர்கனைசர் பார்த்து வைத்திருக்கிறேன். புத்தகம் மாதிரி விரியும். இரண்டு பக்கமும் வரிசையாக எலாஸ்டிக் பட்டைகள். உள்ளும் புறமும் கறுப்பு. வாங்கலாமா?

கவின்: [படம்]

சித்தி: பார்க்கவே நன்றாக இருக்கிறது. எனக்கும் சேர்த்து ஒன்று போடு.

மீனா: சித்தி, அவசரப்படாதீர்கள். டேய், அதற்குள் எதையெல்லாம் வைக்கப் போகிறாய்?

கவின்: சார்ஜர், கேபிள், பவர் பேங்க், இயர்பட்ஸ், பென்டிரைவ், டார்ச், பேனா, மாத்திரை, பிளாஸ்திரி, கத்தியும் இடுக்கியும் உள்ள அந்த மல்டிடூல். மிச்ச இடத்தில் ஏதாவது வைத்துக்கொள்ளலாம்.

மீனா: அந்த ‘ஏதாவது’தான் எனக்குப் பயம். பட்டை காலியாக இருந்தால் அதை நிரப்பாமல் உனக்குத் தூக்கம் வராது. முதலில் இப்போதைய பையைக் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டு. அடிக்கடி எடுப்பதெல்லாம் ஒரு பக்கம். எடுக்காவிட்டாலும் இல்லாமல் முடியாது என்பவை இன்னொரு பக்கம். மற்றது தனி. பவுச் பேச்சு அப்புறம்.

கவின்: கொட்டிவிட்டேன். [படம்]

அம்மா: ஓரத்தில் சுருண்டு கிடக்கிறதே, அந்தக் கேபிள்கள் எதற்கு?

கவின்: தெரியவில்லை அம்மா. எதற்கும் இருக்கட்டும் என்று வைத்தது.

மீனா: தனியாகப் போகட்டும்.

மாமா: இப்போதுதான் பார்த்தேன். கவின், நீ போட்ட படத்தில் ஜிப் மூன்று பக்கமும் சுற்றிப் போகிறது. மூலைகள் வளைவா, செங்குத்தா என்று பெரிதாக்கிப் பார். செங்குத்தாகத் திரும்பினால் அந்த இடத்தில் ரன்னர், அதாவது பிடித்து இழுக்கிற துண்டு, தினமும் முட்டும். பை தைப்பவன் கண்ணுக்கு முதலில் படுவது அதுதான்.

கவின்: வளைவுதான் மாமா. ஆனால் சின்ன வளைவு.

மாமா: அப்படியென்றால் நைலான் சுருள் ஜிப்பாக இருக்க வேண்டும். அது வளைந்து கொடுக்கும். நடுவில் பிரிந்துகொண்டாலும் ரன்னரைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி இழுத்தால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். தனித்தனி பல்லாக வார்த்த ஜிப்பில் ஒரு பல் உடைந்தால் கதை முடிந்தது. ஜிப்புக்கு நம்பர் உண்டு. 3, 5, 8, 10 என்று வரும். மூடிய பல்வரிசை ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் அகலம் என்பதுதான் அந்த நம்பர். தினமும் திறந்து மூடும் பவுச்சுக்கு 5 போதும். 3 போட்டால் மெலிது. திணித்து அடைத்தால் தாங்காது. 10 என்பது பெரிய பைக்கு. சின்னப் பவுச்சில் போட்டால் துணியை விட ஜிப் விறைப்பாக நிற்கும்.

சித்தி: ஜிப் மேல் ஒய்கேகே என்று எழுதியிருந்தால் நல்லது என்பார்களே அண்ணா?

மாமா: 1934இல் ஜப்பானில் யோஷிதா ததாவோ தொடங்கிய நிறுவனம். தரம் நம்பலாம். ஆனால் எழுத்தை மட்டும் பார்த்து வாங்காதே, போலியும் வருகிறது. ரன்னரை ஒரு கையால், பையைப் பிடிக்காமல் இழுத்துப் பார். வழியில் நிற்காமல் ஓடினால் சரி. அப்புறம் இன்னொன்று. பல ஜிப்புகளில் முதலில் கெடுவது பல் இல்லை, ரன்னர். உள்ளே தேய்ந்து வாய் அகலமாகிவிடும். அதை மட்டும் மாற்றினால் போதும். இதற்காகப் பையையே தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

சித்தி: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அம்மா: என்ன நீக்கினாய்? நீயும் போட்டுவிட்டாயா?

சித்தி: அதை விடு அக்கா.

கவின்: துணி 1000 டெனியர் கார்டூரா என்று போட்டிருக்கிறது மாமா. கார்டூரா என்பது தடித்த துணிக்கான வணிகப் பெயராம். அது உறுதிதானே?

மாமா: உறுதிதான். 9000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை என்பதுதான் டெனியர். 1000 என்றால் தடித்த நூல். தரையில் இழுபடுகிற பைக்குச் சரி. உன் பவுச் பைக்குள்ளேயே இருக்கப் போகிறது, அதை எது உரசப் போகிறது? அந்தச் சொரசொரப்புத்தான் பக்கத்தில் இருக்கும் மெல்லிய பொருளை உரசும். காலியாக இருக்கும்போதே கனமாகவும் இருக்கும். 200லிருந்து 500க்குள் எதுவானாலும் போதும். துணியை விட உள்ளே புரட்டிப் பார். தையல் ஓரத்துத் துணி நூல் நூலாகப் பிரிந்து நிற்கிறதா, பட்டை வைத்து மூடியிருக்கிறதா? மூடாத ஓரத்தின் நூல்தான் ஜிப்பில் போய் மாட்டும்.

மீனா: மாமா, பழைய பவுச் ஒன்று உள்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. செதில் செதிலாக உதிர்கிறது. அழுக்கா?

மாமா: அழுக்கு இல்லை. தண்ணீர் இறங்காமல் இருக்கத் துணிக்குப் பின்னால் பாலியூரித்தேன் பூசுவார்கள். ஈரமும் சூடும் சேர்ந்து வருடக்கணக்கில் அதைச் சிதைத்துவிடும். மூடி வைத்த அலமாரியிலேயே இப்படி ஆகும். கழுவினால் போகாது. அதில் மின் சாமான் எதையும் வைக்காதே, துகள் துளைக்குள் போகும்.

தாத்தா: என் இன்ஹேலரை எதில் வைப்பது? மீனா போன மாதம் ஒரு பவுச் கொடுத்தாள். அதற்குள் இன்னொரு உறை. திறப்பதற்குள் மூச்சு வாங்குகிறது.

மீனா: தாத்தா, அது மாத்திரை அட்டைகளுக்குக் கொடுத்தது. இன்ஹேலர் எந்தப் பவுச்சுக்குள்ளும் போக வேண்டாம். மூடியைப் போட்டுச் சட்டைப் பையில் வையுங்கள். மூடி கழன்றால் தூசி வாய்க்குழாய்க்குள் போகும், அதை மட்டும் பாருங்கள்.

மீனா: கவின், உன் விஷயமும் இதேதான். எல்லோரும் இனம் பார்த்துப் பிரிக்கிறார்கள். மின்சாமான் ஒரு பவுச், மருந்து ஒரு பவுச், எழுதுபொருள் ஒரு பவுச். பார்க்க ஒழுங்காகத் தெரியும், எடுக்கும்போதுதான் கஷ்டம். நான் நேரம் பார்த்துப் பிரிக்கச் சொல்கிறேன். எதை நின்றுகொண்டே, ஒரு கையால், பார்க்காமல் எடுக்க வேண்டும்? எதை உட்கார்ந்து மேசையில் விரித்து எடுக்கலாம்? டார்ச் முதல் வகை. இருட்டில்தான் அது வேண்டும், இருட்டில் போய் எலாஸ்டிக் பட்டையைத் தேடுவாயா? சார்ஜர் இரண்டாம் வகை, பிளக் கிடைத்தால்தான் அதற்கு வேலை. இரண்டையும் ஒரே விரிப்பில் அடுக்கினால் டார்ச்சுக்காக மொத்தத்தையும் நடுத்தெருவில் விரிக்க வேண்டும்.

கவின்: அது சரிதான். மாத்திரை?

மீனா: தலைவலி மாத்திரை, பிளாஸ்திரி, இரண்டு ஊக்கு. உள்ளங்கை அளவு பவுச், உள்ளிருப்பது தெரிகிற மாதிரி. மயங்கி விழுந்தால் உன் பையைத் திறக்கப் போகிறவன் நீ இல்லை, அவனுக்குத் தெரிய வேண்டும். மாத்திரையை அட்டையோடு வை. பெயரும் காலாவதித் தேதியும் அதில்தான் இருக்கின்றன. வெட்டினால் தேதி இல்லாத பக்கமாக வெட்டு. பிளாஸ்திரியின் பசையும் காலத்தில் காய்ந்துவிடும், அவ்வப்போது மாற்று.

சித்தி: நான் மாத்திரை, சில்லறை, கார் சாவிக்கு மாற்று பேட்டரி எல்லாம் ஒரே குட்டிப் பவுச்சில்தான் வைக்கிறேன். ஒன்றும் ஆகவில்லையே.

மீனா: சித்தி, அந்தப் பொத்தான் பேட்டரியை இன்றைக்கே வெளியே எடுங்கள். வீட்டில் குட்டிப் பயல் இருக்கிறான். அதை விழுங்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் கடுமையாக வெந்துவிடலாம். மாத்திரையோடு கிடந்தால் பெரியவர்களே தெரியாமல் வாயில் போட்டுவிடுவார்கள். பிரிக்காத அட்டையோடு, உயரமான இடத்தில் வையுங்கள். சில்லறையோடும் கூடாது. 9 வோல்ட் சதுர பேட்டரி இன்னும் மோசம். இரண்டு முனையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், சாவி குறுக்கே விழுந்தால் சூடாகித் தீயே பிடிக்கலாம். முனைமேல் டேப் ஒட்டி வைக்க வேண்டும்.

சித்தி: எடுத்துவிட்டேன்.

கவின்: அடுத்த மாதம் விமானத்தில் போகிறேன். அதற்கும் சேர்த்து யோசித்துத்தான் எல்லாம் ஒன்றாக உள்ளதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படியே தூக்கிப் போட்டுக்கொண்டு போகலாமே.

மீனா: அங்கேதான் உன் திட்டம் படுத்துவிடும். பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடும் பெட்டிக்குள் கூடாது. கத்தியுள்ள மல்டிடூல் பல விமான நிலையங்களில் நேர் எதிர். கைப்பையில் விடமாட்டார்கள், பெட்டிக்குள்தான் போக வேண்டும். இரண்டும் ஒரே ஆர்கனைசரில் இருந்தால் அந்த ஆர்கனைசர் எங்கே போகும்?

கவின்: ...

மாமா: நல்ல கேள்வி.

கவின்: என் பவர் பேங்க் 20,000 மில்லியாம்பியர்-மணி. அனுமதி உண்டா?

மீனா: அந்த எண்ணை 3.7 வோல்ட்டால் பெருக்கி 1000ஆல் வகு. 74 வாட்-மணி வரும். 100 வரை பொதுவாகத் தடையில்லை. அதற்கு மேல் 160 வரை என்றால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். எண் அழிந்துபோன பவர் பேங்கை வாங்கி வைத்துக்கொள்வார்கள், மேலே எழுதியிருப்பது தெரிகிறதா பார். இன்னொன்று, பஞ்சு வைத்த பவுச்சுக்குள் மூடி வைத்துக்கொண்டே போனுக்குச் சார்ஜ் போடாதே. சூடு வெளியேற வழியில்லை. இதற்குத்தான் வலைத்துணிப் பவுச் நல்லது என்கிறேன்.

மாமா: வலைத்துணியில் பேனா, ஊக்கு மாதிரிக் கூரானதைப் போடக் கூடாது. கண் பிரிந்துவிடும்.

கவின்: சரி, அப்படியானால் எலாஸ்டிக் பட்டையே வேண்டாமா? அதைப் பார்த்துத்தான் மயங்கினேன்.

மாமா: கொஞ்சம் போதும். ஒவ்வொரு பட்டையும் ஒரு தடிமனுக்குத் தைத்தது. பேனாவுக்கு உள்ளதில் டார்ச்சைத் திணித்தால் சில மாதத்தில் தளர்ந்துவிடும். அப்புறம் பேனா நிற்காது. உன் சாமான் மாறிக்கொண்டே இருக்கும், பட்டை மாறாது. இரண்டு திறந்த பையும் ஒரு ஜிப் பையும் உள்ள சாதாரணப் பவுச் எதையும் ஏற்றுக்கொள்ளும். கேபிளை அங்கே போடும்போது பிளக்கை ஒட்டி மடிக்காதே. உள்ளங்கை அளவு வளையமாகத் தளர்வாகச் சுற்று. கம்பி முதலில் அறுவது பிளக்கின் கழுத்தில்தான்.

அம்மா: நிறம் பற்றி யாரும் சொல்லவில்லையே. கறுப்புக்குள் கறுப்பு வைத்தால் என்ன தெரியும்?

மாமா: அக்கா சொன்னதுதான் சரி. வெளியே எந்த நிறமானாலும் இருக்கட்டும், உள் லைனிங் வெளிர் சாம்பலோ ஆரஞ்சோ இருந்தால் கறுப்புப் பென்டிரைவ் பளிச்சென்று தெரியும்.

அம்மா: சாவியையும் போனையும் ஒரே பையில் போடுகிறான். திரை கீறாதா?

மாமா: சாவியின் உலோகம் கண்ணாடியை விட மென்மை, அவ்வளவு எளிதில் கீறாது. பையின் அடியில் சேர்கிற மணல்தான் கீறும், அது கண்ணாடியை விடக் கடினம். அதனால் பவுச்சை அவ்வப்போது உள்பக்கம் வெளியே திருப்பி உதற வேண்டும். திருப்ப முடியாதபடி அட்டை வைத்து விறைப்பாகத் தைத்ததை நான் வாங்கவே மாட்டேன்.

மீனா: சித்திக்கும் ஒன்று. உங்கள் பவுச்சில் காந்தப் பொத்தான் இருக்கிறது. விடுதி அறைக்குக் கொடுக்கும் கறுப்புப் பட்டை அட்டையை அதை ஒட்டி வைக்காதீர்கள், அழிந்துவிடும். வங்கி அட்டையின் சிப்புக்கு ஒன்றும் ஆகாது.

சித்தி: போன தடவை கதவு திறக்கவில்லை. வரவேற்பில் இருந்தவரை நான் திட்டிவிட்டு வந்தேன்.

கவின்: மாமா, முடிவுக்கு வந்துவிட்டேன். அந்த ஆர்கனைசர் வேண்டாம். டார்ச், பேனா, இயர்பட்ஸ் பையின் வெளி அறையில், பவுச் இல்லாமல். மாத்திரைக்கு உள்ளிருப்பது தெரிகிற குட்டிப் பவுச், நானே வாங்கிக்கொள்கிறேன். சார்ஜர், கேபிள், பவர் பேங்க், பென்டிரைவுக்கு ஒன்று நீங்கள் தைத்துத் தருவீர்களா? மல்டிடூல் இனி வீட்டிலேயே இருக்கட்டும்.

மாமா: தருகிறேன். அளவு சொல்.

கவின்: பவர் பேங்க்தான் பெரிது. 15 செ.மீ. நீளம், 7 செ.மீ. அகலம். 17க்கு 9 போதுமா?

மாமா: கனத்தை, அதாவது தடிமனை, விட்டுவிட்டாய். தட்டைப் பவுச்சுக்குள் தடிமனான பொருள் போனால் துணி மேலேயும் கீழேயும் சுற்றி வர வேண்டும். நீளத்தோடும் அகலத்தோடும் கனத்தைக் கூட்டு. கனம் 3 என்றால் 18க்கு 10 உள்ளளவு அந்தப் பவர் பேங்குக்கு மட்டுமே வேண்டும். கடைப் பவுச்சில் போடும் அளவு பல சமயம் வெளியளவு, தையல் போக உள்ளே குறையும். சார்ஜர் பக்கத்தில் உட்கார வேண்டுமே, அதன் கனம் என்ன?

கவின்: அளந்து பார்த்தேன். சார்ஜர் 6க்கு 6, கனம் 3. பவர் பேங்க் கனம் 2.5.

மாமா: அப்படியானால் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்போம், மேலே மேலே வேண்டாம். பை மெலிதாக இருக்கும். அடியில் 4 செ.மீ. அகலப் பட்டி வைத்துத் தைக்கிறேன், அப்போது கனத்துக்காக நீள அகலத்தைக் கூட்ட வேண்டியதில்லை. உள் நீளம் 20, உயரம் 16. முன்பக்கம் வலை, பின்பக்கம் துணி, நடுவில் ஒரு திறந்த பை. பவுச் பைக்குள் நின்ற வாக்கில் இருக்குமா, படுத்தா?

கவின்: நின்ற வாக்கில்தான்.

மாமா: சரி, ஜிப் மேல் விளிம்பில். ரன்னரில் ஒரு கயிற்று முடிச்சுப் போடுகிறேன், கைக்குச் சிக்கும். நீ இடது கைக்காரன், எந்தப் பக்கம் இழுத்தால் திறக்க வேண்டும்?

கவின்: வலமிருந்து இடமாக.

மாமா: லைனிங் ஆரஞ்சுதான் என்னிடம் இருக்கிறது.

கவின்: அதுவே போதும் மாமா.