ஃப்ளோரிடா கான்ட்ராக்டர் உரிமத் தேர்வு, பிசினஸ் அண்ட் ஃபைனான்ஸ் தாள்: எழுதியவர்களும் படிப்பவர்களும் தங்கள் அனுபவத்தைப் பகிரலாம்

தாம்பா கூரைக்காரன்:

தேர்வெழுதி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் கடையில் போஸ்ட்-இட் கட்டைக் கண்டால் அந்தக் காலை நேரம்தான் நினைவுக்கு வருகிறது. புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், வரிகளுக்கு வண்ணம் தீட்டிக்கொள்ளலாம் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நிரந்தரமாக ஒட்டிய அடையாளச் சீட்டுகளுக்கு மட்டுமே அனுமதி உண்டு என்ற வரியை நானும் படித்திருந்தேன். என் சீட்டுகள் போதிய அளவு நிரந்தரமானவைதாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். வாயிலில் இருந்த அம்மையார் என் ஃப்ளோரிடா கான்ட்ராக்டர்ஸ் மேனுவலைக் கையில் வாங்கி, அதன் ஓரத்தை விரலால் ஒருமுறை நீவினார். மஞ்சள் சீட்டு ஒன்று கழன்று அவர் விரலோடு வந்தது. அவர் எதுவும் சொல்லாமல் குப்பைக்கூடையை என் பக்கம் நகர்த்தினார். கூலி வராவிட்டால் வேலை செய்த சொத்தின் மேல் உரிமை கோரும் லீன் சட்டத்துக்கு மஞ்சள், வரிக்குப் பச்சை, தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டுக்கு இளஞ்சிவப்பு என்று மூன்று வாரம் உட்கார்ந்து ஒட்டியவற்றை, பின்னால் ஆட்கள் வரிசையில் நிற்க, நானே ஒவ்வொன்றாக உரித்துப் போட்டேன். ஆறரை மணி நேரத்தில் 120 கேள்விகள் என்றால் ஒன்றுக்கு மூன்றேகால் நிமிடம். அதில் பெரும்பகுதி பக்கத்தைத் தேடுவதிலேயே போயிற்று. தேறுவதற்கு வேண்டிய 70 விழுக்காடு அந்த முறை எனக்கு வரவில்லை.

ஜாக்சன்வில் ஏசி:

என் கதை பயிற்சித் தாளோடு முடிந்துவிடுகிறது. ஒரு வேலைக்கு நேரடிச் செலவு 40,000 டாலர், விற்பனை விலையில் 20 விழுக்காடு மொத்த லாபம் வேண்டும், அப்படியானால் விலை என்ன என்று ஒரு கேள்வி. முழுவதும் படிப்பதற்கு முன்பே 48,000 என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். விடைப் பக்கத்தில் 50,000 என்று இருந்தது. அச்சுப்பிழை என்றே நினைத்தேன். பிறகு 40,000-ஐ 0.80-ஆல் வகுத்துப் பார்த்தேன், 50,000 வந்தது. 48,000 விலையில் 8,000 லாபம் என்பது 17 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. செலவின் மேல் ஏற்றும் மார்க்-அப் வேறு, விலையில் நிற்கும் மார்ஜின் வேறு என்று தெரியாமல் 9 ஆண்டுகளாக விலை கொடுத்து வந்திருக்கிறேன். உடனே எழுந்து போய்ப் பழைய கோட்டேஷன் கோப்புகளை எடுத்து வந்து, சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொரு செலவையும் 0.80-ஆல் வகுக்கத் தொடங்கினேன். பதினான்காவது கோப்போடு நிறுத்திவிட்டேன். ஆண்டு முழுவதும் வேலை இருந்தும் டிசம்பரில் ஏன் கையில் காசு நிற்பதில்லை என்று மனைவி கேட்கும்போதெல்லாம் செம்புக் குழாயின் விலையைக் குறை சொல்லி வந்தவன் நான்.

ஆர்லாண்டோ நீச்சல்குளம்:

கூரைக்கார நண்பர் தம் தோல்விக்குச் சீட்டுகளைக் காரணம் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எந்த அத்தியாயத்தில் எது இருக்கிறது என்று மனத்தில் பதிந்திருந்தால் வண்ணம் எதற்கு? என் அனுபவம் மிகச் சிறியது. ஒரு கேள்வியில் 90 நாள் என்று கண்ணில் பட்டதும் விடையைக் குறித்துவிட்டேன். வெளியே வந்து வண்டிக் கதவைத் திறக்கும்போதுதான் அது வேறொரு 90 என்பது உறைத்தது.

ஆகவே படித்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இந்த 90-ஐத் தனித்தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வேலையையோ பொருளையோ கடைசியாகக் கொடுத்த நாளிலிருந்து 90 நாளுக்குள் லீன் கோரிக்கையைப் பதிவு செய்ய வேண்டும். வேலை தொடங்கப்போவதை அறிவிக்கும் நோட்டீஸ் ஆஃப் கமென்ஸ்மென்ட் பதிவான 90 நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் அந்த நோட்டீஸ் செல்லாது. வீட்டு வேலைக்கு ஒப்பந்தத் தொகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கினால், 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு விண்ணப்பித்து, பெர்மிட் கிடைத்த 90 நாளுக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். ஒரே எண்ணாக இருந்தாலும் ஒவ்வொன்றும் வெவ்வேறு நாளிலிருந்து எண்ணப்படுகிறது. நான் தடுக்கி விழுந்தது அங்கேதான். லீனைப் பதிவு செய்த பின் வழக்குத் தொடர ஓராண்டு உண்டு, ஆனால் வீட்டுக்காரர் லீனை எதிர்த்து நோட்டீஸ் ஆஃப் கான்டெஸ்ட் பதிவு செய்துவிட்டால் அந்த ஓராண்டு 60 நாளாகச் சுருங்கிவிடும் என்பதையும் அதே தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்பளப் பிடித்தத்தில் சோஷியல் செக்யூரிட்டி என்னும் ஓய்வூதியத்துக்கு 6.2 விழுக்காடு, மெடிகேர் என்னும் முதியோர் மருத்துவக் காப்பீட்டுக்கு 1.45 விழுக்காடு என்று தொழிலாளியிடம் பிடித்து, அதே அளவை நாமும் போட்டு, சம்பள வரிக்கான 941 படிவத்தைக் காலாண்டுதோறும் அனுப்ப வேண்டும். வேலையின்மை வரிக்கான 940 படிவம் ஆண்டுக்கு ஒருமுறை. பிற தொழில்களில் நான்கு பேர் இருந்தால்தான் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு கட்டாயம், கட்டுமானத்தில் ஒருவர் இருந்தாலே கட்டாயம். கணக்கியலைப் பொறுத்தவரை, முடித்த வேலைக்கு மேல் பில் போட்டு வாங்கிய பணம் வங்கியில் கிடந்தாலும் ஏட்டில் அது கடன் பக்கம்தான் என்பதை மறக்கக் கூடாது. ஏசி நண்பர் குறிப்பிட்டது பள்ளிக் கணக்கு. 9 ஆண்டுகள் தொழில் செய்தவர் அதில் தவறியிருக்கக் கூடாது.

ஜாக்சன்வில் ஏசி:

தவறியிருக்கக் கூடாது என்பதைத்தான் ஐயா நானும் எழுதியிருக்கிறேன்.

கணக்குப் பார்ப்பவள், மயாமி:

தேர்வு எழுதியவர் என் கணவர். கேள்வி கேட்டவள் நான். இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு சமையலறையில் அவர் பாத்திரம் தேய்ப்பார், நான் புத்தகத்தைப் பார்த்துக் கேட்பேன். வீட்டுக்காரரோடு நேரடி ஒப்பந்தம் இல்லாத துணை ஒப்பந்தக்காரர், வேலை தொடங்கிய எத்தனை நாளுக்குள், லீன் உரிமை போகாமலிருக்க வீட்டுக்காரருக்குத் தரும் நோட்டீஸ் டு ஓனரைச் சேர்ப்பிக்க வேண்டும் என்று ஓரிரவு கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. விடை 45 நாள். அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பில்டரிடம் வெளிப்பூச்சு வேலை செய்து 18,600 டாலர் வராமல் போனது. அந்த வேலைக்கான நோட்டீசை நான் அனுப்பியது 52-ஆவது நாள். காகித வேலை முழுவதும் என் பொறுப்பு. அவருக்கு விடை தெரியும்; எனக்கு முன்னால் அதைச் சொல்ல விரும்பாமல்தான் நின்றார் என்பது சற்று நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. பிறகு தண்ணீரை நிறுத்திவிட்டு, “இந்தக் கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததைக் கேளேன்” என்றார்.

ஆர்லாண்டோ நீச்சல்குளம்:

சகோதரி, ஒன்றைக் கவனித்திருக்க வேண்டும். சான்றுபெற்ற அஞ்சலில் 40 நாளுக்குள் அனுப்பிவிட்டால், அஞ்சலில் சேர்த்த நாளே சேர்ப்பித்த நாளாகக் கொள்ளப்படும். அதைத் தாண்டினால் கையில் போய்ச் சேரும் நாளைத்தான் பார்ப்பார்கள். எனவே 45 என்று நினைத்துக்கொண்டு 44-ஆம் நாள் அஞ்சல் நிலையத்துக்குப் போவதால் பயனில்லை. வேலை தொடங்கிய முதல் வாரத்திலேயே அனுப்பிவிடுவதுதான் முறை.

தாம்பா கூரைக்காரன்:

ஆர்லாண்டோ ஐயா, அவர் ஆலோசனை கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. சீட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை: இரண்டாம் முறை நிரந்தரச் சீட்டுகளை ஒட்டிக்கொண்டு போனேன், அதே மூன்று வண்ணங்கள்தாம், தேறினேன்.

கணக்குப் பார்ப்பவள், மயாமி:

அந்த 40 நாள் விவரத்தை இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். கணவர் முதல் முறையிலேயே தேறிவிட்டார். வேலை தொடங்கும் நாளன்றே நோட்டீஸ் போகிறது; திரும்பி வரும் பச்சை நிற ஒப்புகை அட்டைகளைக் குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து மாட்டிவிடுகிறேன். அவர் ஒருநாளும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. பால் எடுக்க வரும்போது அட்டைகள் விழுந்துவிடாதபடி கதவை மெதுவாகச் சாத்துகிறார்.