ஆச்சியைப் பற்றி எழுத வேண்டும், எங்கிருந்து ஆரம்பிக்க?

கரிசல்பேரன்:
போன மாதம் எங்கள் ஆச்சி (அப்பாவைப் பெற்றவர்) தவறிப்போனார். கோவில்பட்டிதான் ஊர். பதினாறாம் நாள் காரியத்துக்கு அடித்த கார்டில் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று மட்டும் போட்டிருந்தார்கள், அதைப் பார்த்ததில் இருந்து மனசு ஆறவில்லை. தாத்தா படுத்த படுக்கையான பிறகு பகலில் தீப்பெட்டி ஆபீசில் (தொழிற்சாலையில்) கட்டை அடுக்கி, அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்கி, ராத்திரி வீட்டில் பெட்டி ஒட்டி நாலு பிள்ளைகளை வளர்த்தது அவர்தான். அது எங்கேயுமே இல்லை. குடும்பத்துக்காகவாவது இருபது பக்கம் எழுதி வைக்கலாம் என்று பார்க்கிறேன். ஆனால் ஒரு வருஷம்கூடச் சரியாகத் தெரியாது, ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கிறது. தனுஷ்கோடி அழிந்ததற்கு அடுத்த தையில் கல்யாணம் என்று ஆச்சி சொல்லிக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பழையகாகிதம்:
தம்பி, அந்த ஒரு வரியே பெரிய ஆதாரம். தனுஷ்கோடிப் புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி. அப்படியானால் கல்யாணம் 1965 ஜனவரி பாதிக்கு மேல். அதே தையில்தான் இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்தது, கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்பச் சிரமப்பட்டார்களா என்று ஆச்சியோடு பிறந்தவர்கள் யாராவது இருந்தால் கேளுங்கள். வருஷம் என்ன என்று கேட்டால் யாருக்கும் வாயில் வராது, அப்போது ஊரில் என்ன நடந்தது என்று கேட்டால் கொட்டும். முடிந்தால் இந்த வாரமே போய்விடுங்கள், நான் தள்ளிப்போட்டு என் பெரியம்மாவை இழந்தேன்.

சாத்தூர்க்காரி:
படித்ததும் எங்கள் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. மைதாவில் துத்தம் (காப்பர் சல்பேட்) போட்டுக் காய்ச்சிய பசை வாசனை எங்கள் திண்ணையை விட்டுப் போனதே இல்லை. துத்தம் போட்டால் பூச்சி வராது, ஆனால் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிடும், ரசம் சோற்றைப் பிசையும்போது அம்மா முகம் சுளிப்பது இன்னும் கண்ணில் நிற்கிறது. அப்போதெல்லாம் அட்டை கிடையாது, மெல்லிய மரச் சில்லை மடித்து நீலத்தாள் சுற்றி ஒட்ட வேண்டும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ், குரோஸ் கணக்கில்தான் கூலி, நசுங்கினதைக் கழித்துவிடுவார்கள். இதையெல்லாம் விடாமல் எழுதுங்கள். கஷ்டப்பட்டு வளர்த்தார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டால் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியாது.

அப்புறம் இன்னொன்று, உங்கள் வீட்டில் மூத்தது பெண்ணா? இந்தப் பக்கத்தில் அம்மா ஒட்டினால் மூத்த பெண்ணும் கூட உட்கார்ந்து ஒட்டியிருக்கும், பள்ளிக்கூடத்தை நிறுத்தியிருப்பார்கள். எங்கள் அக்காவுக்கு அதுதான் நடந்தது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் அவரையும் சேர்க்காமல் ஆச்சியின் கதையை எழுதாதீர்கள்.

கரிசல்பேரன்:
சாத்தூர்க்கார அக்கா, நீங்கள் சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை பெரியத்தை வீட்டுக்குப் போனேன். எந்த வருஷம் படிப்பை நிறுத்தினீர்கள் என்றால் தெரியவில்லை, அப்போது என்ன நடந்தது என்று கேட்டதும் யோசிக்காமல் சொன்னார்: "எம்ஜிஆர் சத்துணவு போட்ட வருஷம்யா. ஒங்கப்பனுக்குப் பள்ளிக்கூடத்துல சோறு, எனக்கு வீட்டுல பசைச்சட்டி." ஆக 1982, அத்தை அஞ்சாவது முடித்திருக்கிறார். அப்பா பக்கத்தில்தான் இருந்தார், ஒன்றும் பேசவில்லை. ஆச்சி மேல் கோபமா என்று அத்தையிடம் கேட்டேன், பதில் சொல்லாமல் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து மடித்து ஒரு அடிப்பெட்டி (குச்சி வைக்கும் உள்பெட்டி) செய்து என் கையில் வைத்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு மூலைகூடப் பிசகவில்லை.

அதைப் போட்டோ எடுத்திருக்கிறேன், முதல் பக்கத்தில் வைக்கப் போகிறேன். அடுத்த வாரம் ஆச்சியின் தம்பியைப் பார்க்க எட்டயபுரம் போகிறேன், கல்யாணத்து விஷயத்தை அவரிடம்தான் கேட்க வேண்டும்.