முழங்காலுக்கு மேல் எடுத்த கால், தைப்பூச விரதமும் உண்டு: கயாக் பயிற்சியை எப்படி அமைப்பது?

நட்சத்திர ஏரி: கொடைக்கானலில் இருந்து கேட்கிறேன். தம்பிக்கு 24 வயது. இடது கால் முழங்காலுக்கு மேல் எடுத்தாயிற்று. 200 மீட்டர் பாரா கயாக் (மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகு) போட்டிக்குத் தயாராகிறான். படகு வலப்பக்கமே சாய்கிறது. மாலை போட்டிருப்பதால் 48 நாள் ஒருவேளைச் சாப்பாடு, வெறுங்கால். விரதத்தை விடமாட்டான், விடச் சொல்லவும் எங்களுக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?

துடுப்புக்காரன்: சாய்வுக்குக் காரணம் இடுப்பு. வலது கால் எடை அந்தப் பக்கம் இழுக்கிறது, இடத்தொடைக்கு அடியில் தாங்க ஒன்றுமில்லை. தண்ணீர் உறிஞ்சாத கெட்டி ஃபோமை ஸ்டம்ப் (எடுத்தது போக மிஞ்சிய தொடை) நீளத்துக்கு வெட்டி, அதன் அடியிலும் வெளிப்பக்கத்திலும் வையுங்கள். முதலில் டேப் போட்டு ஒட்டுங்கள். நாலு நாள் ஓட்டிச் செதுக்கிய பிறகு பசை போடலாம். ஸ்டம்ப் நுனி எதிலும் இடிக்கக் கூடாது.

வலது காலால் மட்டும் மிதித்தால் இடுப்பு திருகும். ஸ்டம்பை அகலமான வெல்க்ரோ பட்டையால் இருக்கையோடு பிடித்தால் இடது பக்கத்துக்கும் ஒரு பிடி கிடைக்கும். பட்டையின் வால் ஒரே இழுப்பில் கழல வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு பேர் பக்கத்தில் நிற்க, படகைக் கவிழ்த்து வெளியே வரப் பழக்குங்கள். அது கைவராமல் ஆழத்துக்கு விடாதீர்கள். லைஃப் ஜாக்கெட்டுக்கு வெளியே மாலை தொங்கினால் துடுப்பில் மாட்டும், உள்ளே போடச் சொல்லுங்கள்.

குறிஞ்சி: வெறுங்கால் விஷயத்தில் கவனம். ஷூவின் குதிகால் உயரத்துக்கு அளவெடுத்து அமைத்த செயற்கைக் காலில் ஷூ இல்லாமல் நடந்தால் கால் பின்னால் சாயும், மேடு ஏறுவது போலிருக்கும், இடுப்பு வலிக்கும். பாதத்துக்கு அடியில் அதே உயரத்துக்கு ஆப்பு வைக்கலாமா என்று கால் செய்து கொடுத்தவரிடம் கேளுங்கள். ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் வெறுங்காலோடு நடப்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

படகில் செயற்கைக் கால் வேண்டாம். கழற்றி ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் ஸ்டம்ப் வீங்கி, சாக்கெட்டில் (செயற்கைக் காலில் ஸ்டம்ப் நுழையும் குழி) ஏறாமல் போகலாம், அதனால் இறுக்கமான ஷ்ரிங்கர் உறை போட்டு ஓட்டட்டும். ஈர உறையை உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டால் மயிர்க்கால்களில் கொப்புளம் வரும்.

விரத நாளில் தண்ணீர் குறைந்தால் நேர்மாறு: ஸ்டம்ப் சுருங்கி சாக்கெட் ஆடும். மலைக் குளிரில் தாகம் தெரியாது, அதனால் மணி பார்த்துக் குடிக்க வேண்டும். சுற்றுலாப் படகுகள் இறங்கும் முன் காலையில் துடுப்பு நுணுக்கம் மட்டும். வேக ஓட்டங்களைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வையுங்கள். பால், பழத்துக்கு விரதத்தில் இடமுண்டா என்று குருசாமியிடம் கேட்டால், ஓட்டம் முடிந்ததும் கொடுக்கலாம்.

துடுப்புக்காரன்: ஒன்று விட்டுப்போயிற்று. வாஆ படகும் முயலலாம். ஒற்றை அலகுத் துடுப்பு, பக்க மிதவை உண்டு, சுக்கான் கிடையாது. இந்திய பாரா வீராங்கனை பிராச்சி யாதவ் இரண்டையும் ஓட்டியவர்: ஹாங்சோ ஆசியப் பாரா விளையாட்டில் கயாக்கில் தங்கம், வாஆவில் வெள்ளி. மிதவை பெரும்பாலும் இடப்பக்கம் இருக்கும், கவிழ்வது வலப்பக்கமாக. தம்பிக்கு எடையும் அந்தப் பக்கமே என்பதால் இருக்கையைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பொருத்துங்கள். போட்டி வகுப்பை (உடல் குறைபாட்டின் அளவை வைத்துப் பிரிப்பது) இப்போதே முடிவு கட்ட வேண்டாம். உடம்பையும் காலையும் சோதித்து, தண்ணீரிலும் ஓட்டவிட்டுப் பார்த்துத்தான் கொடுப்பார்கள்.

நட்சத்திர ஏரி: நன்றி அண்ணா. நாளைக்கே ஃபோம் வாங்குகிறேன். எத்தனை அங்குலக் கனம்?

துடுப்புக்காரன்: அடியில் ஒரு அங்குலத்தில் ஆரம்பியுங்கள். அசையாத தண்ணீரில் துடுப்பை மடியில் வைத்து உட்காரச் சொல்லி, படகின் இரண்டு ஓரமும் நீர்மட்டத்தில் இருந்து ஒரே உயரத்தில் நிற்கும்வரை கூட்டிக் குறையுங்கள்.